பிரேக் கால்

என் வலது காலை எடுப்பதற்கு நாள் குறித்தாகிவிட்டது. வருகிற வியாழக்கிழமை, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. குறித்தவர் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர். தலையாட்டியவர்கள் என் வீட்டுக்காரரும் மகனும். காலுக்குச் சொந்தக்காரியான நான் மட்டும் ஆட்டவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் மூன்று மிதிகள் இருக்கும். பக்கத்து இருக்கையில், என் காலடியில், கிளட்ச், பிரேக் என்று இரண்டுதான். ஆக்சிலரேட்டர் எனக்குக் கிடையாது. வண்டியைக் கிளப்புவது அவர்கள் வேலை, நிறுத்துவது என் வேலை. காலை ஏழு மணியிலிருந்து இருட்டும்வரை என் வலது கால் அந்த பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே காத்துக்கொண்டே இருக்கும். அதற்கு நான் வைத்த பெயரே பிரேக் கால்தான். இந்த ஊரில் எத்தனையோ சைக்கிள்காரர்களும் நாய்களும் முழுசாக நடமாடுவது அந்தக் காலின் புண்ணியத்தால். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் தற்பெருமைதான்.

போன வருஷம் நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. நாலு கடை தாண்டுவதற்குள் நின்றுவிட வேண்டும். நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். எனக்குச் சர்க்கரை பல வருஷமாக உண்டு, அதன் சேட்டையாக இருக்கும் என்று தெருமுனை மருத்துவமனைக்குப் போனேன். கையில் பட்டை சுற்றிக் காற்றடித்தார்கள், கணுக்காலில் சுற்றிக் காற்றடித்தார்கள், இரண்டு அளவையும் ஒப்பிட்டார்கள். "கால்ல ரத்த ஓட்டம் பிரமாதம்" என்றார்கள். நானும் அதைப் பெருமையாகப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. சர்க்கரை உள்ளே ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பைப் படியவைத்து இறுக்கிவிட்டது. பட்டை எவ்வளவு அழுத்தியும் அந்தக் குழாய் அமுங்கவில்லை, அதனால் அளவு அழகாக வந்திருக்கிறது. ஓட்டம் இல்லாத காலுக்கு நல்ல கால் என்று சான்றிதழ். கருவியின் பேச்சைக் கேட்டு நான் ஏமாந்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது தடவை ஏமாறுவதாக இல்லை.

அப்புறம் ஒரு புதுச் செருப்பு சுண்டு விரலில் உரசியது. கடுகளவு கொப்புளம். அது ஆறவில்லை, கறுத்தது, பக்கத்து விரலையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டது. படுத்தால் பாதம் முழுக்க நெருப்பில் வைத்ததுபோல எரியும். எழுந்து உட்கார்ந்து காலைக் கீழே தொங்கப்போட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கும்.

தொங்கப்போட்டால் வீங்கும். வீங்கியதைப் பார்த்த என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா. அவர் கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கஷ்டத்துக்கும் செங்கல்லில் ஒரு வழி இருக்கும் என்று நம்புகிறவர். வீங்கிய காலை உயரத்தில் வைக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, கட்டிலின் கால்மாட்டில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினார். ரசமட்டத்தை மெத்தைமேல் வைத்து இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று வேறு பார்த்தார். நான் அதில் ஒரே ஒருமுறை படுத்தேன். உயிர் போய் உயிர் வந்தது. ஓட்டமில்லாத காலுக்கு மேட்டில் ரத்தம் எப்படி ஏறும். அவருக்கு அது தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. அன்றிலிருந்து நான் கட்டிலை அவருக்கே விட்டுவிட்டு நாற்காலியில் தூங்கினேன்.

"சொன்னா கேக்க மாட்டா. பிடிச்சா ஒத்தக் கால்ல நிப்பா" என்று அவர் மகனிடம் தொலைபேசியில் புகார் சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்கும். ரிசீவரைப் பிடித்தபடி கண் கலங்கி நின்றார்.

பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ எடுத்தார்கள். தொடை இடுக்கில் மெல்லிய குழலைச் செலுத்தி, அதன் வழியாகச் சாயத்தை விட்டு, சாயம் போகிற போக்கை எக்ஸ்ரேயில் படம்பிடிப்பது. மருத்துவர் திரையில் எனக்கும் காட்டினார், அந்த மரியாதை தெரிந்தவர். தொடையில் சாயம் கறுப்பு ஆறாக இறங்கியது. முழங்காலுக்குக் கீழே மூன்று கிளை போக வேண்டிய இடத்தில் அறுந்த நூல் துண்டுகள். கணுக்காலுக்கு மேலேயே எல்லாம் நின்றுவிட்டது. பாதத்தில் எலும்பின் சாம்பல் நிழல் மட்டும் இருந்தது.

"மேல இருந்து ரத்தத்தைக் கொண்டு வர்றது கஷ்டமில்லைங்க. உங்க இன்னொரு கால்ல இருந்தே ஒரு சிரை எடுத்து மாத்துப் பாதை போட்டுடலாம். ஆனா அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கீழ ஒரு குழாய் வேணுமே. பாதத்துல ஒண்ணுகூடத் தெரியல" என்றார்.

அப்போதுதான் அந்த வியாழக்கிழமைப் பேச்சு வந்தது.

மகன் வேலை செய்யும் ஊரிலிருந்து உடனே வந்துவிட்டான். "உயிர் முக்கியம்மா. செயற்கைக் கால் வச்சுட்டு மலையே ஏறுறாங்க" என்று கைப்பேசியில் ஒரு மலையேறியைக் காட்டினான்.

"ஏறட்டும்" என்றேன்.

செயற்கைக் காலோடு வாழ்கிறவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. அப்படி ஒருவருக்கு நானே ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். முதல் தடவையிலேயே தேர்வில் தேறினார், நல்ல கட்டுப்பாடு. அவருக்கு வேறு வழியே இல்லாமல் கால் போனது. என் காலுக்கு வழி இருக்கிறதா இல்லையா என்று இன்னும் யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. என் சண்டையெல்லாம் அதற்காகத்தான்.

திங்கட்கிழமை வீட்டுக்காரரோடு மருத்துவரின் அறைக்குப் போனேன். கையெழுத்துப் போட வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் பாதத்தில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்தேன்.

"டாக்டர், இதக் கொஞ்சம் பாருங்க."

வீட்டுக்காரரைத் தள்ளி உட்காரச் சொல்லி, அவர் நாற்காலியின் ஓரத்தில் காலைத் தூக்கி வைத்தேன். வலி மண்டைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பாதம் மெழுகுபோல் வெளுத்தது. பிறகு கீழே தொங்கப்போட்டேன். உடனே ஒன்றும் ஆகவில்லை. மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்க நினைத்து, பார்க்காமல் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக விரல்களில் ஒரு மங்கிய சிவப்பு இறங்கி, பாதம் முழுவதும் பரவியது.

"இது எனக்குத் தெரியும்மா. இந்தச் சிவப்பு நல்ல அறிகுறி இல்ல. நோய் முத்தினதுக்கு அடையாளமே இதுதான்" என்றார் அவர்.

"நல்லதோ கெட்டதோ, ரத்தம் இல்லாம சிவக்காது. எங்கயோ வழி இருந்துதான் வருது. நீங்க படம் எடுத்தப்போ நான் எப்படி இருந்தேன்?"

"படுத்துட்டு."

"படுத்தா எனக்கு ரத்தம் வராதுன்னு நான்தான் கத்திட்டு இருக்கேனே. வராத நேரத்துல வந்து பாத்துட்டு வீட்ல ஆளே இல்லைன்னா எப்படி?"

வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். தொட்டால் குரலை இறக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஏற்பாடு. நான் இறக்கவில்லை.

"கார்ல மூணு கண்ணாடி இருக்கு. மூணுலயும் தெரியாத ஒரு இடம் பக்கத்துலயே இருக்கு. கண்ணாடில தெரியலங்கறதுக்காக அங்க வண்டி இல்லன்னு திருப்புறவனுக்கு நான் லைசென்ஸ் வாங்கித் தர மாட்டேன். தலையத் திருப்பிப் பாக்கணும். இன்னொரு தடவை பாருங்க. நான் உட்கார்ந்திருக்கேன், கால் தொங்கட்டும், அப்போ பாருங்க."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். அவர் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிப் பாக்கற முறை ஒண்ணு இருக்குதான். ஸ்கேன்ல, கால் தொங்கின நிலையில. ஆஞ்சியோல எதுவும் தெரியாதவங்களுக்குச் சில சமயம் கிடைக்கும். நானும் யோசிச்சேன், மறைக்கல. ஆனா உங்க விரல்ல கிருமி பிடிச்சிருக்கு. அது மேல ஏறினா கால் பிரச்சினை இல்ல, ஆளே பிரச்சினை. அதனால தேடிட்டே நாளைக் கடத்தப் பயந்தேன். வியாழக்கிழமையை மட்டும் தள்ள மாட்டேன்."

"தள்ள வேண்டாம். அதுக்கு முன்னாடி பாருங்க."

"நாளைக்கு ஸ்கேனுக்கு எழுதித் தர்றேன். அதுலயும் ஒண்ணும் இல்லேன்னா?"

"கையெழுத்துப் போடறேன். யாரும் என் கையப் பிடிச்சு இழுக்க வேண்டாம், நானே போடறேன்."

வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. இவ்வளவு நாளாக மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அதை இப்போது பந்தயத்தில் வைத்துவிட்டேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே மறுநாள் பகல் முழுக்கக் காத்திருந்தோம். என் முறை வந்து வீட்டுக்காரர் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளியபோது, கருவிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த முகத்தைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது.

ரிவர்ஸ்.

அது நான் வைத்த பெயர். நாற்பதை நெருங்கிய வயதில் என்னிடம் ஓட்டக் கற்க வந்தவள். ஏதோ படம் எடுக்கிற வேலை என்று சொல்லியிருந்தாள், நான் கல்யாண வீடியோ என்று நினைத்துக்கொண்டேன். பச்சை விளக்கு விழுந்ததும் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் போவாள். ஒருநாள் பின்னால் நின்ற தண்ணீர் லாரியை நோக்கிப் போனாள். பிரேக் கால் காப்பாற்றியது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய குரலில் சொன்னேன். அவள் வண்டியை ஓரம் கட்டி, சாவியை என் மடியில் வைத்துவிட்டு, இறங்கி நடந்தே போய்விட்டாள். இன்றைக்குக் கேட்டாலும் தப்பு அவள்மேல் என்றுதான் சொல்வேன். லாரி டிரைவரும் அதையேதான் சொன்னான், இன்னும் மோசமான வார்த்தையில்.

"டீச்சர்" என்றாள். அதில் வணக்கமும் இல்லை, வம்பும் இல்லை. மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்தாள். "உட்கார்ந்த நிலையிலயா? இப்படி எழுதினா நான் எங்க உட்கார்றது?"

"முடியாதுன்னா சொல்லிடு. வேற யாராவது பாக்கட்டும்."

"முடியாதுன்னு நான் சொல்லலையே."

அவள் கருவியின் ஒயர்கள் எட்டுகிற தூரம் பார்த்து என்னைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்தாள். முதலில் ஏசியை நிறுத்தினாள். "இது மிஷினுக்காகப் போட்டது. குளிர்ல இருக்கற குழாயும் சுருங்கிக்கும்" என்றாள். ஒரு கம்பளியைக் காலில் சுற்றிவிட்டு, அது சூடேறுவதற்குள் இடது காலின் சிரையைப் பார்த்து முடித்தாள். அது நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு தரையில் ஒரு விரிப்பைப் போட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கம்பளியை எடுத்தபோது என் பாதம் அவள் முகத்துக்கு நேரே தொங்கியது. கறுத்த விரலின் நாற்றம் எனக்கே தெரிந்தது. அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. அதற்காக அவளுக்கு ஒரு மதிப்பெண் போட்டேன்.

தோலில் வைத்துப் பார்க்கிற வழக்கமான முனையைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டு, ஹாக்கி மட்டைபோல் வளைந்த சின்ன முனை ஒன்றை மாட்டினாள். கைவிரல்களையும் குழந்தைகளையும் பார்ப்பதற்கு வைத்திருப்பதாம். பசையைத் தடவி, கணுக்காலின் முன்புறம் வைத்தாள். திரையில் சாம்பல் புழுதி. ஓட்டம் இருந்தால் சிவப்போ நீலமோ மின்னும், சத்தமும் வரும் என்றாள். ஒத்துப்பார்க்க என் முழங்காலுக்குப் பின்னால் முனையை வைத்துக் காட்டினாள். அங்கே சத்தம் இருந்தது, ஈரத்துணியை அலசுகிற மாதிரி. மறுபடி கணுக்காலுக்கு வந்தாள். வெறும் இரைச்சல்.

"இங்க இல்ல."

உள்பக்கக் கணுவுக்குப் பின்னால் வைத்தாள். அங்கே வெள்ளைவெளேரென்று ஒரு கோடு, அதன் கீழே கறுப்பு நிழல். சுண்ணாம்பு. "இங்கயும் இல்ல." பாதத்தின் மேல்புறம், கட்டை விரலின் பக்கம். இல்லை. இல்லை என்ற ஒரு சொல்லை அவள் ஒவ்வொரு தடவையும் அதே குரலில் சொன்னாள். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கேட்டது.

"இன்னும் கொஞ்சம் கீழ போ" என்றேன்.

"பேசாதீங்க. பேசினா கால் ஆடுது."

"இல்ல, அந்தக் குதிகால் பக்கம் எனக்கு ஒரு மாதிரி துடிக்கற மாதிரி..."

அவள் தலையைத் தூக்கினாள். "பக்கத்து சீட்ல உட்கார்ந்துட்டு ஓட்டாதீங்க, டீச்சர்."

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கப் பார்த்தார், நடக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக அவர் சொல்ல நினைத்ததை ஒருத்தி தரையில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். என்னை வாய்மூட வைத்தவர்கள் அதிகம் பேர் கிடையாது.

கதவைத் தட்டினார்கள். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்று ஒரு குரல். "ஆகும்" என்றாள். மறுபடி தட்டினார்கள். அவள் முனையை நகர்த்திக்கொண்டே இருந்தாள். என் பயம் அப்போதுதான் முழுசாக வந்தது. அவள் திறமையில் எனக்குக் குறையே தெரியவில்லை, அதுதான் பயம். வேலை தெரியாத ஒருத்தி தேடி இல்லை என்றால் நான் சண்டை போடலாம். இவள் இப்படித் தேடியும் இல்லை என்றால் இல்லைதான். பேனாவை எந்தப் பையில் வைத்தேன் என்று யோசித்தேன். வியாழக்கிழமைக்குப் பிறகு செருப்பை ஒற்றையாக விற்பார்களா என்றுகூட யோசித்தேன்.

"போதும்மா. நீ பாத்துட்ட" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"எனக்கு இன்னும் போதல" என்றாள் அவள், நிமிராமல்.

அவள் முனையைப் பிடித்திருந்த விதம் மாறியது. இரண்டு விரல்களால், எடையே இல்லாமல், தோலின்மேல் பசை மட்டும் தொடுகிறாற்போல். "நான்தான் அழுத்திட்டு இருக்கேன். இங்க இருக்கறதுக்குப் பலமே இருக்காது, லேசா அழுத்தினாலும் மூடிக்கும்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். உள்பக்கக் கணுவுக்குக் கீழே, உள்ளங்காலுக்குத் திரும்புகிற வளைவில், முனையை மிதக்கவிட்டுக் காத்திருந்தாள். திரையில் புழுதி. புழுதி. ஒரு சிவப்புப் பொட்டு வந்தது, போனது.

வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

பொட்டு மறுபடி வந்தது. போகவில்லை. நீண்டு, ஒரு சிறு வால் முளைத்து, வளைந்து உள்ளங்காலுக்குள் இறங்கியது. அவள் ஒரு பொத்தானை அழுத்த, அறைக்குள் சத்தம் வந்தது. பலமான சத்தமில்லை. தூங்குகிறவர் மூச்சு விடுகிற சத்தம், அவ்வளவுதான். ஆனால் ஒழுங்காக வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக, என் நெஞ்சு அடிக்கிற கணக்கிலேயே.

"இருக்கு" என்றாள். அவள் குரல் உடைந்தது. "உள்ளங்காலுக்குப் போற குழாய். மெலிசு. ஆனா சுண்ணாம்பு ஏறல, டீச்சர். மெத்துனு இருக்கு."

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது. இத்தனை நாளும் யாரும் ஒத்துக்கொள்ளாத ஒரு பொருளை என் வீட்டில்தான் இருக்கிறது, இருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தேன், அது இருந்தது.

அவள் காலை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, மருத்துவரைக் கூப்பிட்டாள். அவர் அறுவை அரங்கத்திலிருந்து பச்சை உடையோடு வந்து, அந்த விரிப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு படித்தவர்கள் தரையில் உட்கார்ந்து என் பாதத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காட்சியை வீட்டுக்காரர் படம் எடுக்காமல் விட்டதற்கு அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மருத்துவர் சத்தத்தை நெடுநேரம் கேட்டார். குழாயின் அகலத்தை அளக்கச் சொன்னார். அவள் அளந்து சொன்ன பிறகு இன்னொரு தடவை அளக்கச் சொன்னார்.

"சேர்க்கலாம்" என்றார். "அம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. இது உறுதி இல்ல. மாத்துப் பாதையோட ஒட்டு நிக்கலாம், ஒரே வாரத்துல அடைச்சும் போகலாம். அடைச்சா பழைய முடிவுதான். நின்னாலும் அந்த ரெண்டு விரல் போயிடும்."

"எடுத்துக்குங்க. பிரேக்கை யாரும் சுண்டு விரலால மிதிக்கறதில்ல."

ரிவர்ஸ் என் தோலில் அழியாத மையால் ஒரு பெருக்கல் குறி போட்டாள், வெட்டித் திறக்க வேண்டிய இடத்தில். வீட்டுக்குப் போகும்போது பின் இருக்கையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்தக் குறியையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் அன்று மாலை கால்மாட்டுச் செங்கல் நாலையும் எடுத்துத் தலைமாட்டில் வைத்தார். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தார். நான் அதில் படுத்தேன். கால் சரிவில் கிடந்தது, முழுசாக இல்லாவிட்டாலும் தூங்கினேன்.

வியாழக்கிழமை நான் கையெழுத்துப் போட்டேன். வேறு தாளில்.

ஒட்டு முதல் வாரத்தில் அடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் செவிலி வந்து ஒரு சிறு கருவியை வைத்துச் சத்தம் கேட்பாள், நான் அவள் முகத்தைக் கேட்பேன். விரல்கள் போயின. புண் ஆற மழைக்காலம் முழுக்க ஆனது. நடுவில் ஒருமுறை சத்தம் தேய்ந்து, மறுபடி உள்ளே போய்க் குழாயை விரித்து வந்தார்கள். மகன் மலையேறியின் படத்தை அழித்துவிட்டானா என்று கேட்டேன். இல்லையாம். இருக்கட்டும், எப்போதாவது தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். எனக்கும் ஒரேயடியாக ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பு இல்லை. ஒத்திகைக்குப் போகிறவள்போல வாரம் தவறாமல் ஸ்கேனுக்குப் போகிறேன், உட்கார்ந்துகொண்டுதான்.

மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்று சொன்ன திங்கட்கிழமை பயிற்சிக் காரின் கதவைத் திறந்தேன். இடதுபக்க இருக்கையில் ஏறி, விசேஷமாகத் தைத்து வாங்கிய அகலமான ஷூவுக்குள் இருந்த பாதத்தை பிரேக்குக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நிறுத்தினேன். தொடையிலிருந்து கணுக்கால்வரை தழும்பு இழுத்தது. இழுக்கட்டும்.

ஓட்டுகிற இருக்கையில் ரிவர்ஸ் உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டேன் என்று அவள் சொல்வாள், அவளே வந்தாள் என்று நான் சொல்வேன்.

"கத்தினா இறங்கிப் போயிடுவேன்" என்றாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே.

"தாராளமாப் போ. வண்டிய ஓரம் கட்டிட்டுப் போ."

தெருவைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறினோம். அவள் நன்றாகவே ஓட்டினாள், அதைச் சொல்லிவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன். சிக்னலில் மஞ்சள் விழுந்தது. அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். பிரேக்குக்குப் போகத் தொடங்கினாள், அந்தக் கால் போகிற போக்கு எனக்குத் தெரிந்தது, சரியான நேரத்தில் சரியான இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் நான் மிதித்தேன்.

வண்டி கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் குலுங்கி நின்றது. வலி பாதத்திலிருந்து இடுப்புவரை ஓடியது. பாதம் மிதியின்மேல் உறுதியாக இருந்தது.

அவள் திரும்பி என்னை முறைத்தாள். "நானே போட்டிருப்பேன்."

"தெரியும்" என்றேன். "போட்டுப் பாத்தேன்."